கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றாதீர்கள்: பழைய காரில் போன் பாட்டுக் கேட்கச் சில குறிப்புகள்

கோவில்பட்டி, இடைசெவல், கயத்தாறு பக்கம் இளவட்டங்கள் தேடிப்பிடித்து வாங்குகிற பழைய வண்டிகள் சில உண்டு. ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியட் பேலியோ 1.6, முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி. மிதித்தால் பறக்கும் என்பதற்காகவே வாங்குவார்கள். வாங்கிய வாரமே செய்கிற முதல் வேலை, டேஷ்போர்டில் கம்பெனி வைத்த ஸ்டீரியோவைப் பிடுங்கிவிட்டுப் பெரிய திரை மாட்டுவது. கேட்டால், ‘போன்ல இருக்கிற பாட்டு இதுல பாடாது’ என்பார்கள். பாடும். கேசட் வாய் மட்டுமே உள்ள ஸ்டீரியோவில்கூடப் பாடும். வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மண்ணில் பாட்டை ஏனோதானோ என்று கேட்க மனசு வராது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் இடைசெவல். இரண்டு பேரும் எழுத்தைப் போலவே சங்கீதத்திலும் ஊறியவர்கள், பாடகர் விளாத்திகுளம் சுவாமிகளைத் தேடிப்போய்க் கேட்டவர்கள். கோவில்பட்டியில் நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதி இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்புகளில் சினிமாப் பாட்டோடு நாகஸ்வரமும் பழைய கச்சேரிப் பதிவுகளும் காரில் நன்றாகக் கேட்பதற்கான வழிகளும் உண்டு.

1. முதலில் ஸ்டீரியோவின் முகத்தை நிதானமாகப் பாருங்கள். ஹெட்போன் குத்துகிற மாதிரி சின்ன ஓட்டை இருந்தால் அது ஆக்ஸ். சில வண்டிகளில் அது முகத்தில் இருக்காது; கியர் கம்பிக்குப் பின்னாலோ, கைப்பெட்டிக்குள்ளோ ஒளிந்திருக்கும். யுஎஸ்பி வாய், சிடி வாய், சிடி வாயின் ஓரத்தில் எம்பி3 என்ற எழுத்து, கேசட் வாய், எதுவுமே இல்லாமல் வெறும் எஃப்எம் என்று எது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துத்தான் எந்தச் சாமான் வாங்குவது என்பது. கடைக்குப் போகும்போது முகத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

2. ஆக்ஸ் இருந்தால் கவலையே வேண்டாம். இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் ஜாக் உள்ள வயர் ஒன்று போதும். புதுப் போன்களில் ஹெட்போன் ஓட்டையே இல்லாததால் டைப்-சி யிலிருந்து ஆக்ஸுக்கு மாற்றும் குட்டி வயர் ஒன்றும் வேண்டியிருக்கும். போனில் சத்தத்தை ஏறக்குறைய முழுசாக, ஐந்தில் நாலு பங்குக்கு மேல், வைத்துவிட்டு மிச்சத்தை ஸ்டீரியோவின் திருகில் கூட்டிக் குறையுங்கள். போனில் குறைவாகவும் ஸ்டீரியோவில் அதிகமாகவும் வைத்தால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும்.

3. ஆக்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனைக் காரில் சார்ஜ் போட்டதும் ‘உய்ங்ங்’ என்று ஒரு கூச்சல் வருகிறதா? ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தக் கூச்சலும் ஏறுகிறதா? ஸ்டீரியோ கெட்டுப்போகவில்லை. மின்சாரம் சார்ஜர் வழியாக ஒரு பாதையிலும் ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு பாதையிலும் எர்த்துக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுவதால் ஆல்டர்னேட்டரின் சத்தம் பாட்டுக்குள் நுழைகிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கூச்சல் உடனே நின்றால் காரணம் அதுதான். போனை பவர் பேங்கில் சார்ஜ் போடலாம். இல்லையென்றால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று கேட்டு வாங்கி ஆக்ஸ் வயரின் நடுவில் மாட்டலாம். விரல் நீளமுள்ள சின்னப் பெட்டி அது. இந்தக் கூச்சலுக்காக ஸ்டீரியோவை மாற்றியவர்கள் உண்டு. மாற்றிய பிறகும் கூச்சல் போகாது.

4. வயரே வேண்டாம் என்பவர்கள் ஆக்ஸில் குத்துகிற ப்ளூடூத் அடாப்டர் வாங்கலாம். வாங்கும்போது, வண்டி ஓடுகையில் சார்ஜ் ஏறிக்கொண்டே பாடுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குச் சாவி எடுத்த பிறகும் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். அதில் குத்தியதை ராத்திரி பிடுங்கி வையுங்கள். பழைய பேட்டரி உள்ள வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

5. கேசட் ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றே சொல்வேன். ஃபிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது 1963-ல். 2010-ம் வருஷ மாடலாக வந்த லெக்சஸ் எஸ்சி 430 என்ற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில்கூடக் கேசட் வாய் இருந்தது. அத்தனை காலம் ஓடிய பொருளுக்கு இன்றைக்கும் அடாப்டர் கிடைக்கிறது. பார்க்கக் கேசட் மாதிரியே இருக்கும். உள்ளே நாடா கிடையாது. நாடா உரசும் இடத்தில் ஒரு குட்டிக் காந்தத் தலை இருக்கும். போன் பாட்டை அது காந்த அலையாக்கி ஸ்டீரியோவின் ஹெட்டுக்குக் கொடுக்கும். ஹெட் அதை நாடா என்றே நம்பி வாசிக்கும். எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைவிட இதில் சத்தம் சுத்தமாக வரும்.

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்டீரியோவில் டால்பி பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள். போட்டிருந்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக இருக்கும். ஆட்டோ ரிவர்ஸ் உள்ள ஸ்டீரியோ ‘டக், டக்’ என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தால் பக்கம் மாற்றும் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பல நேரம் அடாப்டரின் ஹெட் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சரியாக உட்காரும். கடைசியாக, சத்தம் போடுகிறதே என்று அடாப்டருக்குள் இருக்கும் பல்சக்கரத்தைக் கழற்றிவிடாதீர்கள். சக்கரம் சுற்றுகிறதா என்று ஸ்டீரியோ பார்த்துக்கொண்டே இருக்கும். சுற்றாவிட்டால் ‘கேசட் முடிந்தது’ என்று வெளியே தள்ளிவிடும்.

6. அடாப்டர் போடுவதற்கு முன் ஹெட்டைத் துடையுங்கள். மருந்துக்கடையில் ஐசோபிரைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு நனைத்து, வாய்க்குள் டார்ச் அடித்தால் பளபளவென்று தெரிகிற உலோகத் தலையை மெதுவாகத் தேயுங்கள். குச்சி துருநிறத்தில் வெளியே வரும். பழைய கேசட் நாடாக்களின் காந்தப் பொடிதான் அது. நம் பக்கத்தில் அதோடு கரிசல் புழுதியும் சேர்ந்து கறுப்பாகவே வரும். குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். காய்வதற்குப் பத்து நிமிஷம் விடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், சென்ட் எதுவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் ரப்பர் உருளை உப்பிப்போகும்.

7. எம்பி3 படிக்காத சிடி ஸ்டீரியோவாக இருந்தால் ‘ஆடியோ சிடி’ என்று தேர்ந்தெடுத்து எழுதுங்கள். 80 நிமிஷப் பாட்டுதான் பிடிக்கும். எம்பி3 படிக்கும் என்றால் அதே 700 எம்பி தட்டில் 128 கேபிபிஎஸ் தரத்தில் 12 மணி நேரப் பாட்டு ஏற்றலாம். தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெயிலில் பசை இளகி, சுழலும்போது உரிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.

8. எஃப்எம் மட்டுமே உள்ள வண்டிக்கு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் குத்தினால் போன் பாட்டை ஒரு குட்டி வானொலி நிலையம் போல ஒலிபரப்பும். காரின் ரேடியோ அதைப் பிடிக்கும். விலை குறைவு. மாட்டவும் எளிது. குறைசொல்லிப் பிடுங்கி எறிகிறவர்களும் அதிகம். எறிகிறவர்களில் பெரும்பாலோர் செய்யத் தவறுவது அலைவரிசையைப் பார்த்து வைப்பதுதான்.

கோவில்பட்டி வட்டாரத்தில் கோடை பண்பலை 100.5-ல் பலமாக வரும். மலை உச்சியிலிருந்து ஒலிபரப்புவதால் அதை முட்டி ஜெயிக்க எந்த டிரான்ஸ்மிட்டராலும் முடியாது. சூரியன் 93.5, ஹலோ 106.4. இவற்றுக்குப் பக்கத்தில் போகவே கூடாது; இரு பக்கமும் குறைந்தது 0.4 மெகாஹெர்ட்ஸ் விலகி நிற்க வேண்டும். ரேடியோவைக் கையால் 87.5-லிருந்து மெள்ளத் திருப்பிக்கொண்டே போங்கள். பேச்சோ பாட்டோ நிழலாகக்கூடக் கேட்காமல், சீரான ‘ஸ்ஸ்’ மட்டும் வருகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே டிரான்ஸ்மிட்டரை வையுங்கள். இடைசெவலில் காலியாக இருப்பது திருநெல்வேலி நெருங்கும்போது காலியாக இருக்காது. ஆகவே இரண்டு இடம் கண்டுபிடித்து, ரேடியோவின் 1, 2 பட்டன்களில் பதித்து வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏரியலைச் சுருக்கி வைத்தாலும் சில கார்களில் வெளிநிலையங்களின் குறுக்கீடு குறைந்து உங்கள் பாட்டு தெளிவாகும். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு, சில சாயங்காலங்களில் இலங்கை நிலையங்கள் உள்ளே புகுந்துவிடும். அந்த நேரம் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு அவர்கள் பாட்டையே கேட்கலாம்.

9. பென்டிரைவ் போட்டால் ‘நோ ஃபைல்’ என்று காட்டுகிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது பென்டிரைவின் ஃபார்மேட். பழைய கம்பெனி ஸ்டீரியோக்களுக்கு ஃபேட் 32 மட்டும்தான் தெரியும். 16 ஜிபி அல்லது 32 ஜிபி பென்டிரைவே போதும். அதற்கு மேல் போனால் விண்டோஸ் கம்ப்யூட்டர் வழக்கமான முறையில் ஃபேட் 32 ஆக மாற்றித் தராது. பாட்டெல்லாம் எம்பி3 ஆக இருக்கட்டும். ஃபிளாக், எம்4ஏ இவையெல்லாம் பல ஸ்டீரியோக்களுக்கு விளங்காது.

இன்னொன்று. பல பழைய ஸ்டீரியோக்கள் பாட்டைப் பெயர் வரிசைப்படி பாடாது. எதை முதலில் பென்டிரைவில் போட்டீர்களோ அதைத்தான் முதலில் பாடும். ஆகவே வர்ணத்திலிருந்து மங்களம் வரை வரிசையாகக் கேட்க வேண்டும் என்றால், பென்டிரைவைக் காலி செய்துவிட்டு ஒவ்வொன்றாக அதே வரிசையில் ஏற்றுங்கள். தமிழில் பெயர் வைத்திருந்தால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஃபோல்டருக்கு 01, 02 என்று எண் கொடுத்துவிட்டால் கண்டுபிடிப்பது சுலபம்.

10. ராகம் ஒரு கோப்பு, தானம் ஒரு கோப்பு, பல்லவி ஒரு கோப்பு என்று பிரித்து வைத்திருப்பவர்கள் காருக்கென்று மூன்றையும் ஒட்டி ஒரே கோப்பாக்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டீரியோ ஒரு கோப்பை முடித்து அடுத்ததைத் திறக்க ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். ஆலாபனை முடிந்து தானம் பிறக்கிற அந்த இடத்தில் ஒரு நொடி வெறுமை விழுந்தால் கேட்கிறவன் நெஞ்சில் குத்தும். ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் இதைச் செய்ய ஐந்து நிமிஷம் ஆகாது.

11. காருகுறிச்சியார் 1964-ல் காலமாகிவிட்டார். அவர் வாசிப்பாக நமக்கு இருப்பதெல்லாம் பழைய பதிவுகள்தான். அந்தக் காலத்துப் பதிவுகளில் பல ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. யாரோ நாடாவிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ஒரு பக்க வயர் மட்டும் சேர்ந்திருந்தால், பாட்டு முழுக்க டிரைவர் பக்கமோ எதிர்ப்பக்கமோ மட்டும் வரும். பலர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். போனில் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, மோனோ ஆடியோ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்துவிடும். சினிமாப் பாட்டுக்குத் திரும்பும்போது அணைத்துவிட மறக்க வேண்டாம்.

12. நாகஸ்வரமும் தவிலும் கேட்கும்போது ஸ்டீரியோவில் ‘லவுட்னெஸ்’ என்ற பட்டனை அணையுங்கள். பேஸைக் கொஞ்சம் குறையுங்கள், டிரெபிளை நடுவிலேயே விடுங்கள். லவுட்னெஸ் இருந்தால் தவிலின் தொப்பிப் பக்கம் கதவையே அதிர வைக்கும், வலந்தலையின் சொல் அதில் அமுங்கிப்போகும். சத்தத்தை முன்பக்க ஸ்பீக்கர்களுக்குக் கூடுதலாகத் தள்ளுங்கள். நாகஸ்வரம் எதிரே நின்று வாசிப்பது போல இருக்கும். அப்படியும் கதவு கரகரவென்று அதிர்ந்தால் ஸ்பீக்கரைக் குறைசொல்லாதீர்கள். கதவு அட்டையின் கிளிப் ஒன்று விட்டுப்போயிருக்கும். அதிர்கிற இடத்தில் உள்ளங்கையை அழுத்தினால் நின்றுவிடும். அந்த இடத்துக் கிளிப்பை மாற்றுங்கள்.

13. பேட்டரி மாற்றிய பிறகு ஸ்டீரியோ ‘கோட்’ என்று கேட்டு நின்றுவிட்டால் தப்பாக எண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். சில தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும். ஃபோர்டு, ஹோண்டா போன்ற வண்டிகளில் இந்தப் பூட்டு உண்டு. கார் வாங்கும்போது கொடுத்த புத்தகத்துக்குள் ஒரு சின்ன அட்டையில் நாலு அல்லது ஐந்து இலக்க எண் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், ‘அண்ணாச்சி, ஆர்சி புக்கோட ரேடியோ கோடு அட்டையும் இருக்கா?’ என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அட்டை இல்லையென்றால் பல மாடல்களில் 1, 6 பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் ஸ்டீரியோவின் சீரியல் எண் திரையில் வரும். ஆர்சி நகலோடு சர்வீஸ் சென்டரில் அந்த எண்ணைக் கொடுத்துக் கோடு கேட்கலாம்.

14. ஏன் கழற்ற வேண்டாம் என்கிறேன்? முதல் தலைமுறை ஃபோர்டு ஃபிகோ மாதிரி வண்டிகளில் ஸ்டீரியோவும் டேஷ்போர்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இணைந்திருக்கும். எடுத்தால் அந்த ஓட்டைக்கு வேறு சட்டம் தேட வேண்டும். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்துவிட்டது. மறைமலை நகரிலிருந்து வந்த அந்த வண்டிகளின் உள்சாமான்களில் ஒன்று உடைந்தால் மாற்றுச் சாமான் கிடைப்பது இனி குறையத்தான் செய்யும். அதைவிட முக்கியம், அவசரத்தில் கப்ளரை வெட்டி வயரை முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கம். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகும், வயர் உரசும், ஷார்ட் ஆகும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கான கப்ளர் கன்வெர்ட்டரை வாங்கிக் கொடுத்து, ‘ஒரு வயரைக்கூட வெட்டாம மாட்டுங்க’ என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். 10 ஆம்பியர் போனதற்கு 20 போடுவதும் சிகரெட் அட்டை வெள்ளித்தாள் சுற்றுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை. கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.

15. சொந்தக்காரர்கள் யாராவது சென்னையிலோ வெளிநாட்டிலோ பழைய போர்ஷே, பிஎம்டபிள்யூ வைத்திருந்து யோசனை கேட்டால் இதைச் சொல்லுங்கள். அந்த வண்டிகள் பலவற்றில் ஸ்டீரியோ, ஆம்பிளிஃபயர், சிடி சேஞ்சர் எல்லாம் ஒளியிழை வளையத்தில் கோத்தவை. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் ஊமையாகிவிடும். சிடி சேஞ்சர் வயரில் மாட்டுகிற பெட்டி ஒன்று உண்டு. ஸ்டீரியோ அதை சிடி என்று நினைத்துக்கொண்டு போன் பாட்டைப் பாடும். மாடல் எண், வருஷம் இரண்டையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

16. கரிசல் காய்ந்தால் மாவு மாதிரிப் பறக்கும். வாரம் ஒரு தடவை பெயின்ட் அடிக்கிற புது பிரஷ் ஒன்றால் ஸ்டீரியோ வாயையும் பட்டன் இடுக்கையும் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் புழுதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டேஷ்போர்டு பாலிஷை ஸ்டீரியோ மேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். கடலைமிட்டாய் தின்ற கையோடு ஜாக்கையும் பட்டனையும் தொடாதீர்கள். வெல்லப் பிசின் ஒட்டினால் பட்டன் இறுகும், எறும்பும் ஏறும். கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது! சித்திரை வைகாசியில் பென்டிரைவ், சிடி, போன் எதையும் டேஷ்போர்டு மேல் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

17. விளாத்திகுளம், புதூர் பக்கம் உள்சாலையில் போகும்போது சில இடங்களில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பாட்டை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையையும் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ஓட்டும்போது போனைத் தொடவே வேண்டாம். சாலையில் ஆட்டுக்கிடை குறுக்கே வரும், டிராக்டர் லைட் இல்லாமல் வரும். பின்னால் வருகிறவன் ஹாரன் காதில் விழுகிற அளவுக்குத்தான் சத்தம்.

18. வீட்டுப் பரணில் கேசட் பெட்டி இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் கோவில் கொடைக்கு, கல்யாணத்துக்கு வந்து வாசித்தவர்களை யாராவது டேப்ரிக்கார்டரில் பிடித்து வைத்திருப்பார்கள். கடையில் விற்காத பதிவு அது. உங்கள் வீட்டுப் பெட்டியை விட்டால் வேறு எங்கும் இருக்காது.

காரில் கேட்கும்படி மாற்ற, கேசட் பிளேயரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் அல்லது லைன்-இன் ஓட்டைக்கு ஆக்ஸ் வயர் மாட்டி, ஆடாசிட்டியில் பதியலாம். பதிவதற்கு முன் கேசட்டை ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே சுற்றிவிடுங்கள். பல வருஷம் ஒட்டிக் கிடந்த நாடா இளகும். நாடாவில் பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வைத்தால் போதும். முதல் பிரதியை வேவ் கோப்பாக வையுங்கள், நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். காருக்கு அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். கூடினால் நாகஸ்வரத்தின் மூச்சும் சேர்ந்து போய்விடும். யார் வாசித்தது, தவில் யார், எந்த ஊர்க் கொடை, எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கேசட் அட்டையில் பேனாவால் எழுதியிருப்பதையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.